வாடகைக்கு விடப்பட்ட இணையம்

செம்பூர் திலக் நகரில் மாடா எனப்படும் மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியத்தின் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுகின்றன. கட்டுநர்களின் விளம்பரங்களில் வாகன நிறுத்தமும் உடற்பயிற்சிக் கூடமும் தவறாமல் இடம்பெறும். தொழிலாளியின் பிள்ளை காசு கொடுக்காமல் உட்கார்ந்து கணினி பழக ஒரு பொது அறை வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள். “அதுதான் கைபேசியில் இணையம் மலிவாகக் கிடைக்கிறதே” என்பது அவர்களது ஆயத்த பதில்.

கைபேசியில் கிடைப்பது நுகர்வோனுக்கான இணையம். பார்க்கலாம், வாங்கலாம், பணம் கட்டலாம். கணினியை ஆளக் கற்க அது போதாது.

அமெரிக்காவில் 1987இல் ஒரு சிறு ஆப்பிள் கணினியில் தொடங்கிய எஸ்.டி.எஃப். என்னும் பொது யுனிக்ஸ் சேவை இன்றும் இயங்குகிறது. பழைய கணினியிலிருந்தும் அதில் நுழையலாம். நிரல் எழுதலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், சொந்தப் பக்கம் அமைக்கலாம். விளம்பரம் இல்லை. உறுப்பினர் சந்தாவும் நன்கொடையுமே வருவாய், பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். இலாபம் இல்லாவிட்டால் தொழில்நுட்பம் படுத்துவிடும் என்று ஓதுவோருக்கு இதைவிட எளிய மறுப்பு வேண்டியதில்லை.

மும்பைக்கும் இது அந்நியமான கதையல்ல. 1986இல் தொடங்கிய எர்நெட் கல்வி வலையமைப்பில் ஐ.ஐ.டி.க்களோடு ஜுஹூவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பங்கேற்றது. பொதுமக்களுக்கான இணையத்தை 1995 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்ததும் பொதுத்துறையான வி.எஸ்.என்.எல்.தான். 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் என்பது அன்று சாமானியருக்கு எட்டாத தொகை, மறுப்பதற்கில்லை. ஆயினும் மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் எழுத்து மட்டும் தெரியும் ‘ஷெல்’ கணக்கை அந்நிறுவனம் அளித்தது. ஒரு தலைமுறை யுனிக்ஸ் கட்டளைகளைப் பழகியது அதில்தான். 2002இல் வாஜ்பாய் அரசு அதனை டாடாவிடம் தாரைவார்த்தது.

அடுத்து எம்.டி.என்.எல். 2020 ஜனவரியில் ‘விருப்ப ஓய்வு’ என்ற பெயரில் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே வீச்சில் வெளியேற்றப்பட்டனர். தனியாருக்கு 4ஜி, பொதுத்துறைக்குப் பட்டினி என்பதே ஒன்றிய அரசின் கொள்கையாக இருந்தது. 2016 செப்டம்பரில் ‘இலவசம்’ என்று தூண்டில் போட்டது ஜியோ. போட்டியாளர்கள் பலர் மறைந்தபின், 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ தூண்டிலை 2016 பிப்ரவரியில் டிராய் தடுத்ததற்குக் காரணம், லட்சக்கணக்கானோர் எழுப்பிய எதிர்ப்புக் குரலே.

தன்னார்வலர்களால் எவ்வளவு முடியும்? பெங்களூருவின் குடிசைப்பகுதி ஒன்றில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் நடத்திக் காட்டினர். பிள்ளைகள் அங்கே லினக்ஸ் கற்றனர். போற்றத்தக்க பணி, ஆனால் நன்கொடைக் கணினிகளைக் கொண்டு நாடு முழுவதையும் எட்ட முடியாது. ஏழைகளுக்கு இணையம் தருவது அரசின் கடமை. தன்னார்வலர் இருக்கிறார்கள் என்று காட்டி அரசு அதிலிருந்து நழுவ இடமளிக்கக் கூடாது. இணையத்தைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்த கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்குடன் 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோனைத் தொடங்கியது.

மும்பையில் எம்.டி.என்.எல்.லின் நிலமும் கட்டடங்களும் ‘பணமாக்கல்’ பட்டியலில் ஏற்றப்படுகின்றன. அவை விற்பனைக்குரியவை அல்ல. வார்டுதோறும் அத்தகைய ஒரு கட்டடத்தில் பொதுக் கணினிக் கூடமும், கட்டற்ற மென்பொருளில் இயங்கும் சர்வரும், அதைப் பராமரிக்க நிரந்தர ஊழியர்களும் வேண்டும். திலக் நகரின் மறுகட்டுமான ஒப்பந்தங்களில் இதற்கென ஓர் அறையை ஒதுக்குமாறு மாடாவை நிர்ப்பந்திப்பதை முதல் வேலையாகக் கொள்ளலாம்.