எடுபிடிகள் ஜாக்கிரதை

விண்டோஸ் உசத்தியா, மெக்கின்டாஷா, லினக்ஸா? கம்ப்யூட்டர் பிரியர்களிடையே ஓயாத செல்லச் சண்டை. எடுபிடி வேலைகளில் மட்டும் மூன்றும் ஒரே கட்சி. குறித்த நேரத்தில் குறித்த வேலையை முடிக்கும் 'கிரான்' 1979-ல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. மெக்கின்டாஷுக்கு 1993-ல் 'ஆப்பிள்ஸ்கிரிப்ட்' வந்தது. விண்டோஸுக்கு 2006-ல் 'பவர்ஷெல்'. 2016-ல் நடந்தது கட்சித் தாவல். லினக்ஸ்காரர்களின் 'பாஷ்' விண்டோஸ் 10-ல் குடியேற, பவர்ஷெல் எதிர் முகாம்கள் இரண்டுக்கும் போனது.

ஆக, ஜெயித்தது யார் என்பதல்ல பிரச்சினை. இந்த வேலைக்காரன் சொன்னதைச் செய்வான். சொன்னது சரியா என்று கேட்க மாட்டான். தினமும் இரவு 2 மணிக்கு ஃபைல்களை பேக்கப் எடுக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் பலர். பேக்கப் டிஸ்க் நிரம்பிவிட்டால் வேலை சத்தமில்லாமல் நின்றுபோகலாம். அசல் தொலைந்த அன்றுதான் அது தெரியவரும்.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பார்க்க சில நிமிடங்கள் போதும். எந்தக் கட்சிக்காரரானாலும் அதற்கு மட்டும் ஆள் வைக்காமலிருப்பது நல்லது.