மணிக்கூடு அளப்பதும் அளக்காததும்

ஸ்மார்ட் வாட்ச் கையில் இருந்தால் பிரஷர், சீனி, ஒட்சிசன், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இன்று இல்லாத வசதி அடுத்த அப்டேட்டில் வந்துவிடும். சில ஆயிரம் ரூபா வாட்சும் லட்சம் ரூபா வாட்சும் காட்டுவது ஒன்றேதான். நிந்தவூர் முதல் கல்முனை வரையான கரையோர ஊர்களில் இந்தப் பேச்சு நன்றாக ஊன்றிவிட்டது. கிளினிக் கொப்பி இல்லாத வீட்டைத் தேடவேண்டிய பகுதியில் அது எடுபடுவதில் வியப்பில்லை. ஆனால் அதில் சரியாக இருப்பது கொஞ்சமே.

வாட்ச் ‘அளக்கிறது’ என்பதிலிருந்தே தொடங்கலாம். வாட்சைக் கழற்றித் திருப்பினால் அடியில் பச்சை ஒளி மினுங்கும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டு நாளங்களில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பிவரும் ஒளியும் ஏறி இறங்கும். உணரிக்குக் கிடைப்பது இந்த அலை மட்டுமே. கையசைவும் வியர்வையும் பட்டி தளர்வதும் அதைக் குழப்பும். குழப்பத்தை நீக்கி, அலையை எண்ணாக்குவது மென்பொருளின் வேலை. ஆகவே திரையில் தெரிவது பெரும்பாலும் ஓர் ஊகம். நல்ல ஊகமா, மோசமான ஊகமா என்பதே கேள்வி. 2024இல் அப்பிள் வாட்சுக்கு வந்த உறக்க மூச்சுத்தடை அறிவிப்பு இதற்கு நல்ல சான்று. அதற்கெனப் புதிய உணரி எதுவும் பொருத்தப்படவில்லை. தூக்கத்தில் மணிக்கட்டின் சிற்றசைவுகளை அசைவுமானி பதிவுசெய்ய, 30 நாள் தரவை மென்பொருள் அலசுகிறது.

ஊகத்தின் தரம் மென்பொருளைப் பொறுத்தது என்பதால், விலை எதுவானாலும் வாட்ச் ஒன்றே என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. கூகுள் 2014இல் ‘அண்ட்ரொய்ட் வெயார்’ இயங்குதளத்தை வெளியிட்டது; 2018இல் அது ‘வெயார் ஓஎஸ்’ ஆனது; 2021இல் சாம்சுங் தனது டைசன் இயங்குதளத்தைக் கைவிட்டு அதனுடன் சேர்ந்தது. 2015 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் அப்பிள் வாட்சில், வெளியார் செயலிகள் உண்மையில் தொலைபேசியில்தான் ஓடின. வாட்ச் வெறும் திரை. அங்கிருந்து ஈசிஜி வரை வர ஆண்டுக்கணக்கான மென்பொருள் உழைப்பும், மனிதர் மீதான பரிசோதனைகளும் தேவைப்பட்டன. மலிவு வாட்ச்களில் ஓடுவது சிறிய சிப்புக்கென எழுதப்பட்ட எளிய இயங்குதளம். ஒரே நிரல் பல பெயர்ப் பெட்டிகளில் வரும். அது காட்டும் பிரஷர் எண் எப்படிப் பெறப்பட்டது என்பதைப் பெட்டியும் சொல்லாது, கையேடும் சொல்லாது. சிலவற்றைத் துணிச்சுருளில் கட்டி மேசையில் வைத்தாலும் நாடித்துடிப்பு காட்டும். துணிக்கு 72 என்று வந்தால் ஆளுக்கு வரும் 72ஐ என்ன செய்வது?

பிரஷர் விடயத்தில் பெரிய நிறுவனங்களே அடக்கமாகத்தான் பேசுகின்றன. சாம்சுங்கின் இரத்த அழுத்தச் செயலிக்குத் தென்கொரியா 2020 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை, கைப்பட்டிக் கருவியால் அளந்த எண்ணை அதற்கு ஊட்டவேண்டும். பிரஷர் கருவி வீட்டில் இல்லாதவருக்கு அந்த வாட்சும் பயன்படாது என்பதே பொருள். அப்பிள் 2025இல் கொண்டுவந்த உயர் அழுத்த அறிவிப்பு எண்ணே காட்டுவதில்லை. 30 நாள் போக்கைப் பார்த்து, ‘அளந்து பாருங்கள்’ என்று மட்டும் சொல்லும். உயர் அழுத்தம் உள்ள பலரை அது தவறவிடும் என்பதால், அறிவிப்பு வராதது சுகத்துக்கு அத்தாட்சி ஆகாது.

மிக ஆபத்தானது சீனி பற்றிய கூற்று. தோலைத் துளைக்காமல் தானாகவே குளுக்கோசை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. தோலுக்கடியில் ஊசியிழை வைத்த தொடர் குளுக்கோசு உணரியின் எண்ணை வாட்ச் திரையில் காட்டுவது வேறு விடயம். அங்கே அளப்பது உணரி. ரமழானில் இந்த வேறுபாடு உயிரோடு விளையாடும். நீரிழிவுள்ள நோன்பாளிகளுக்கான சர்வதேச வழிகாட்டிகளின்படி, குளுக்கோசு (mg/dL அலகில்) 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். இன்சுலின் போடுபவர் அஸருக்குப் பிறகு தலைசுற்றி உட்காரும்போது, பொய்யான 110ஐக் காட்டும் வாட்ச் அவரை மஃரிப் வரை காத்திருக்கச் செய்துவிடும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்றும் அதே வழிகாட்டிகள் சொல்கின்றன. எனவே சோதனையைத் தவிர்க்க மார்க்கக் காரணமும் இல்லை.

ஒட்சிசன் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைத்தியசாலையில் விரலில் மாட்டும் கவ்வி, விரலை ஊடுருவிச் செல்லும் ஒளியைப் பார்க்கிறது. வாட்சுக்குக் கிடைப்பது மணிக்கட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளி மட்டுமே. கவ்விகூட கறுப்பின நோயாளிகளில் ஒட்சிசன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதாக 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கருந்தோல் மணிக்கட்டுகளுக்கு இது கவனிக்கவேண்டிய செய்தி.

அடுத்த அப்டேட்டில் எல்லாம் வரும் என்பவர்கள், அப்டேட்டில் போவதையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஈசிஜி உணரி உள்ள அப்பிள் வாட்ச் 2018இலேயே இந்தியாவில் விற்கப்பட்டது. ஈசிஜி வசதியோ 2019 மென்பொருளில்தான் அங்கு திறந்தது. மறுபக்கம், மாசிமோ நிறுவனத்துடனான காப்புரிமை வழக்கால், 2024 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்ற அப்பிள் வாட்ச்களில் ஒட்சிசன் வசதி மென்பொருளால் அணைக்கப்பட்டது. 2025 ஓகஸ்டில் வேறு வடிவில் திரும்பியது. உணரி முழுக் காலமும் உள்ளேயே இருந்தது. ஒரு வசதி எந்த நாட்டில் திறக்கும் என்பதைத் தீர்ப்பவை அந்நாட்டு அனுமதியும் சட்டமும். இலங்கையில் மருத்துவ சாதனங்கள், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த வாட்சில், பெட்டியில் அச்சிட்ட எல்லாமே இங்கு திறக்கும் என்று நம்புவதற்கில்லை.

பேச்சில் உண்மை அதிகம் உள்ள இடம் இதயத்துடிப்பு. அசையாமல் இருக்கும்போது தரமான வாட்சின் துடிப்பு எண்ணை நம்பலாம். ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிப்பதிலும் அதற்கு மதிப்புண்டு. 2019இல் வெளியான ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றனர், 0.52 சதவீதத்தினருக்கே எச்சரிக்கை வந்தது. அவர்களில் பின்னர் ஈசிஜி ஒட்டுக்கருவி அணிந்து அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினரிடம் ஏட்ரியல் குறுநடுக்கம் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உறுதியானது. ஆனால் மாரடைப்பு வேறு. வாட்ச் எடுப்பது ஒற்றைத் தடத்து ஈசிஜி, வைத்தியசாலையில் எடுப்பது 12 தடத்து ஈசிஜி. தங்கள் வாட்ச் மாரடைப்பைக் கண்டறியாது என்று அப்பிள் செயலியிலேயே எழுதியிருக்கிறது. நெஞ்சு இறுக்கி வியர்க்கும்போது திரையில் ‘சாதாரணம்’ என்று வந்தாலும் 1990 சுவசெரிய அம்பியூலன்சை அழைக்கவேண்டும், அல்லது தாமதிக்காமல் நிந்தவூர் ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.