அட்சய திருதியையும் பொன் வணிகமும்

சித்திரை அமாவாசையை அடுத்து வரும் வளர்பிறைத் திருதியை அட்சய திருதியை எனப்படும். அந்நாளிற் குன்றிமணியளவேனும் பொன் கொண்டோர் மனையில் அது மேன்மேலும் பெருகும் என்னுங் கொள்கை, சென்ற சில பத்தாண்டுகளாகத் தமிழகத்தில் ஊர்தோறும் முழங்குகின்றது. முழங்குவோர் பௌராணிகர் அல்லர், நகைக்கடையினர். செய்தித்தாளின் முழுப்பக்கமும், தெருமுனைப் பதாகையும், ஒலிபெருக்கி கட்டிய வண்டியுமே இக்கொள்கைக்குப் பிரமாண நூல்கள்.

அட்சயம் என்பது குறைவுபடாமை. அந்நாளிற் செய்யுந் தானமும் செபமும் குறையாப் பயன் தரும் என்பதே புராணங்களின் கூற்று. ஒடிசா நாட்டுழவர் அன்று விதைப்பைத் தொடங்குவர். புரியில் தேர்வேலை தொடங்குவதும் அன்றே. சமணர், இடபதேவர் நெடுநோன்பிருந்து கருப்பஞ்சாறேற்றுப் பாரணஞ் செய்த நாளெனப் போற்றுவர். கொடுத்ததன் பயன் குறையாது என்றதனை, வாங்கியது குறையாது எனப் புரட்டியது வணிகர் உரை. வடநாட்டார் சிலரிடத்து அன்று பொன் கொள்ளும் வழக்குண்டே எனின், உண்டாகுக. வழக்குண்மை பலனுண்மைக்குச் சான்றாகாது.

அன்றியும், அந்நாளிற் பொன் கொள்வோர்க்குப் பெருகுமெனின், கொடுத்தொழிப்போர்க்குக் குறைதல் வேண்டும். விடியுமுன் கடைதிறந்து நள்ளிரவுவரை பொன்னை விற்றொழிக்கும் வணிகர்க்கு அவ்வாண்டு குறைந்ததாகக் கண்டார் ஒருவருமில்லை. திதி இருநாளைத் தொடின் இருநாளும் விற்பனை. முன்பதிவு செய்யினும் பலனுண்டாம்! திதி வருமுன்னே கட்டிய பணத்துக்கும் பலனுண்டெனின், திதி எற்றுக்கு?

செல்வர் வாங்குவது அவர் பாடு. கூலிவேலை செய்யும் பெண்ணொருத்தி, விளம்பரம் கேட்டு அஞ்சி, வட்டிக்குக் கடன்பெற்று ஒரு கிராம் காசு வாங்குகின்றாள். செய்கூலியும் சேதாரமும் போக எஞ்சிய அப்பொன், ஆனித்திங்களிற் பள்ளிக் கட்டணத்தின் பொருட்டு அடகுக்கடை ஏறுகின்றது. குறையாது வளர்ந்தது வட்டி ஒன்றே.

வணிகத்தைச் சைவர் இகழ்ந்தாரல்லர். பழையாறை அமர்நீதியார் பொன்னும் மணியும் துகிலும் விற்ற வணிகரே. அவர் பொன்னனைத்தும் துலையில் ஒரு கோவணத்துக்கு ஈடாகவில்லை. இச்சித்திரையின் சதயமோ திருநாவுக்கரசர் திருநாள். திருப்புகலூரில் உழவாரம் நின்ற இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்க, அவற்றைப் பருக்கைக் கற்களோடு வாரி வாவியில் எறிந்த பெருமான் அவர். அப்பெருமான் குருபூசைக்கு அச்சிடும் அழைப்பிதழின் புறத்தட்டையில் நகைக்கடை விளம்பரம் ஏற்பதினும் நகைப்புக்கிடமானது வேறு யாது?

கோயில் வாயிற் பந்தலிற் கடைப்பெயரும் இறைவன் திருவுருவும் ஒருசேரத் தீட்டிய பதாகைகளை அறங்காவலர் அகற்றுதல் வேண்டும். அவை திருநாள் கழிந்ததும் தெருவில் மிதிபடுகின்றன. பொன் வாங்க நன்னேரம் எனக் குறித்து வெளியிடும் பஞ்சாங்கக்காரர், அவ்விதி எவ்வாகமத்தில், எப்படலத்தில் உளதென அடுத்த ஆண்டுப் பதிப்பிலேனும் காட்டுவாராக.