ஆலோசனைக்குப் போன நீதிபதி



2021-இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தமக்குத் தன்பாலீர்ப்பு பற்றிச் சரியாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் ஆலோசனைக்குப் போனார். அதன் பிறகே விரிவான உத்தரவு எழுதினார். அந்த உத்தரவு திருநர்களுக்கும் சேர்த்தே வழி சொன்னது.

திருநங்கைகள், திருநம்பிகளின் மனநலம் என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நீதிபதிதான் நினைவுக்கு வருகிறார். நம் அலுவலகங்களில் ஆலோசனைக்கு அனுப்பப்படுவது எப்போதும் அவர்கள்தானே!

திருநராக இருப்பது மனநோய் அல்ல. உலக சுகாதார நிறுவனமே 2019-இல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் மனநோய்ப் பகுதியிலிருந்து அதை எடுத்துவிட்டது. அவர்கள் மனதை அரிப்பது நாள் முழுக்க நீளும் பதற்றம். வாசலில் காவலாளி என்ன கேட்பாரோ, வருகைப் பதிவேட்டில் இருக்கும் பழைய பெயரை யாராவது உரக்க வாசிப்பார்களோ, எந்தக் கழிப்பறைக்குப் போனால் சத்தம் போடாமல் விடுவார்களோ என்ற கவலையிலேயே பாதித் தெம்பு கரைந்துவிடுகிறது. கழிப்பறைக்குப் பயந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. வீட்டில் சொல்லி அழலாமென்றால், பலருக்கு அந்த வீட்டுக் கதவு எப்போதோ சாத்தப்பட்டுவிட்டது. திருநங்கையரின் குடும்பமான ஜமாத்தில் தத்தெடுத்த அம்மாதான் எல்லாம். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தால் விடுப்புக் கேட்க, எந்த நிறுவனத்தின் படிவத்தில் இடமிருக்கிறது?

வேலை கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். 2017-இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. சில வாரங்களிலேயே அவர்களில் சிலர் நின்றுவிட்டார்கள். வாடகைக்கு வீடு தர ஆளில்லை என்பதுதான் காரணம். விடுதி அறைக்குக் கொடுத்த வாடகை சம்பளத்தை விழுங்கிவிட்டது. ஆகவே, திருநர் ஒருவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம், வீட்டுக்காரரிடம் தானே பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும். எந்த யோகா வகுப்பைவிடவும் அது மனதுக்கு நிம்மதி தரும்.

திருநர் ஒருவர் வேலையில் சேரும் முன்பே செய்யவேண்டிய காரியங்கள் இருக்கின்றன. சம்பளக் கணக்கும் பி.எஃப். கணக்கும் சான்றிதழ் மாறும்வரை காத்திருக்கலாம். அடையாள அட்டைக்கும் மின்னஞ்சலுக்கும் அவர் சொல்லும் பெயரை முதல் நாளே கொடுத்துவிடலாமே. உடன் வேலை செய்பவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு திருநரை அழைத்து, உரிய ஊதியம் தந்து, வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக வந்தவரையே நிற்கவைத்து அவர் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்பது கொடுமை. அறுவை சிகிச்சைக்கு விடுப்புக் கேட்டால் மற்ற சிகிச்சைகளைப் போலவே கொடுங்கள்.

கேலி செய்பவர் மேலாளராகவே இருந்தால்? திருநர் உரிமைகளுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையில் பாகுபாடு கூடாது என்பதோடு, ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. உங்கள் அலுவலகத்தில் அந்த அலுவலர் யார் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். 2008-லேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம் தமிழ்நாடு. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத அலுவலகம் இங்கே இருக்கக் கூடாது.

இதைப் படிக்கும் திருநங்கை, திருநம்பித் தோழமைகளே, மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் வேலையிடம் எப்படி இருக்கிறது என்று எங்களுக்கும் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்