வாடகை பீக்கனும் திறந்த மலையும்

குல்மார்க் கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் 2005-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் அபர்வத் மலையின் தோள்வரை போக நினைத்தவர்கள் பெரும்பாலும் ஸ்கீயின் அடியில் ஸ்கின் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏற வேண்டியிருந்தது. இன்று வரிசையில் நிற்கும் நேரத்தைத் தள்ளிவிட்டால், அரை மணிக்குள் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரத்தில் இறங்கிவிடலாம். ரோந்துக் குழு கவனித்துக்கொள்வது ரோப் காரை ஒட்டிய நடுக் கிண்ணத்தைத்தான். அதற்கு இரு பக்கமும் திறந்த மலை. அங்கே போவதும் திரும்புவதும் போகிறவர் பொறுப்பு.

ரோப் காரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டங்மார்க் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் குளிர்காலத்து அடுப்பு எரிவது அதை நம்பித்தான். ஆனால் அது நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை நாம் கணக்குப் பார்க்கவில்லை. ஸ்கின் போட்டு ஏறும் மூன்று நான்கு மணி நேரத்தில்தான் அன்றைய பனியைப் பற்றித் தெரிய வேண்டியது பெரும்பாலும் தெரியவருகிறது. போலைக் குத்தினால் மேலே கெட்டியாக நின்று, பிறகு அடியில் சட்டென்று உள்ளே போகும். காலடியில் பனி மொத்தமாக 'உம்ப்' என்று அமுங்கும். ஸ்கீயின் முனையிலிருந்து விரிசல் ஓடும். காற்று எந்த முகட்டுக்குப் பின்னால் பனியை வாரிக் குவித்திருக்கிறது, எதிர்ச் சரிவில் நேற்று எது இறங்கியது என்பதெல்லாம் ஏறும்போதே கண்ணில் படும். ரோப் கார் பெட்டிக்குள் உட்கார்ந்து வருபவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. இறங்கியதும் அவர் பார்ப்பது யாரும் தொடாத வெள்ளைச் சரிவை. கூடவே, தனக்கு முன்னால் அதைத் தொட்டுவிடப் போகிற இன்னொரு குழுவை.

2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த உயர்மலைப் போர்ப் பள்ளியின் வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பனி மலையையே வகுப்பறையாகக் கொண்டவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று, கீழே கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது, ரஷ்யர் ஒருவர் இறந்தார். அந்த 2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்து கிடந்ததும், மாதக் கடைசியில்தான் உருப்படியாகப் பனி விழுந்ததும் நினைவிருக்கும். விபத்துக்கு அதுதான் காரணம் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. ஆனால் மெலிந்த பழைய பனி நீண்ட குளிரில் குருணையாகிக் கிடக்க, அதன்மேல் புதுப்பனி மொத்தமாகக் கொட்டினால் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். ரோப் கார் வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

எச்சரிக்கை அறிவிப்பு வருகிறதே என்பார்கள். வருகிறது. 2020-ல் பழைய பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தை இன்னொரு நிறுவனத்தோடு இணைத்து உருவான டி.ஜி.ஆர்.இ. அதைத் தயாரிக்கிறது, பேரிடர் மேலாண்மைத் துறை நம் கைப்பேசிவரை கொண்டுவருகிறது. பாரமுல்லா மாவட்டம், இத்தனை மீட்டருக்கு மேல், நடுத்தர அபாயம் என்று இருக்கும். சாலை போடுபவருக்கும் முகாம் காப்பவருக்கும் கிராமத்துக்கும் அது மிகவும் பயன்படும். ஸ்கீ ஓட்டுபவருக்கு வேண்டியது வேறு: எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரத்தில், எந்த அடுக்கு? சுவிட்சர்லாந்தில் தாவோஸ் ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் இவற்றைப் பிரித்துச் சொல்கிறது. நமக்கு அந்த வசதி வரும்வரை மாவட்டத்துக்கும் சரிவுக்கும் நடுவே உள்ள தூரத்தை வழிகாட்டிதான் தன் கண்ணாலும் கையாலும் கடக்க வேண்டும். 30 பாகைக்குக் குறைந்த சரிவிலேயே நாளை முடித்துக்கொள்வதும் அந்த வேலையில் சேர்ந்ததே.

இனி கருவிக்கு வருவோம். வாடகைக் கடையில் தரும் பையை அங்கேயே, மேசை மேல் கவிழ்த்துப் பாருங்கள். பீக்கனில் மூன்று ஆன்டெனா இருக்கிறதா, அல்லது யாரோ வெளிநாட்டவர் விட்டுப்போன ஒற்றை ஆன்டெனா பழம்பொருளா? எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸில் பேசும், ஆகவே எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்வார். அனுப்புவதில் ஒன்றுதான், தேடுவதில் அல்ல. பேட்டரி மூடியைத் திறந்தால் பச்சைக் கறை தெரிகிறதா? உள்ளே இருப்பது அல்கலைனா, ரீசார்ஜ் பேட்டரியா? அல்கலைனுக்கென்று அளவிட்ட பீக்கனில் ரீசார்ஜ் பேட்டரியைப் போட்டால் திரை காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது. ப்ரோபை ஒரே வீச்சில் விரித்து இழுங்கள். உள்கயிறு நைந்திருந்தால் பூட்டு நிற்காது. ஷவலின் தகடு பிளாஸ்டிக்காக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரிந்து நின்ற பனி சிமென்ட் பூச்சு மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் அதில் வளைந்து உடையும். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை வெளியே எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டிவரும்.

அள்ளுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? 15 நிமிடம் என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம், கற்றுக்கொடுத்தோம். சுவிட்சர்லாந்தில் 1981 முதலான நாற்பது ஆண்டு விபத்துகளை அலசி 2024-ல் வெளியான ஆய்வு அதைப் பத்தாகக் குறைத்துவிட்டது. முழுதும் புதைந்தவர்களில் முதல் பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டோர் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நெருங்கும்போது அது பத்துக்கு மூன்றாகச் சரிகிறது. கீழேயிருந்து மீட்புக் குழு வந்து சேரும் கணக்கே இதில் செல்லாது. கூட வந்தவர்தான் எடுக்க வேண்டும். பீக்கனைத் தேடலுக்கு மாற்றி, அம்புக்குறி காட்டும் வளைந்த பாதையில் ஓடி, மூன்று மீட்டருக்குள் வந்ததும் வேகத்தைக் குறைத்துப் பனிப்பரப்போடு ஒட்டித் தேடி, சரிவுக்குச் செங்குத்தாகப் ப்ரோப் இறக்கி, பட்டதும் அதை உருவாமல் அப்படியே விட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்ட வேண்டும். இதை அன்று காலைதான் பீக்கனையே முதன்முறை பார்த்தவர் பத்து நிமிடத்தில் செய்வார் என்று நம்புகிறவர்கள் யார்? அப்படிப்பட்டவரைக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: புதைவது வழிகாட்டியாக இருந்தால் தேடப்போவது அந்த வாடிக்கையாளர்தான்.

ஏர்பேக் பற்றியும் ஒரு சொல். விலை அதிகம், நம்பிக்கை அதைவிட அதிகம். 2014-ல் வெளியான ஆய்வில், பனியில் சிக்கியவர்களிடையே இறப்பு விகிதம் ஏர்பேக் விரிந்தால் 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. பாதியாகக் குறைவது பெரிய லாபந்தான். ஆனால் ஐந்தில் ஒன்று விரியவே இல்லை. அதற்குப் பெரும்பாலான காரணம் கைப்பிடி இழுக்கப்படாதது. தோள்பட்டையில் ஜிப்புக்குள் கைப்பிடியை மூடிவைத்துக்கொண்டு இறங்குபவர்களைக் குல்மார்க்கில் தேடிப்போக வேண்டியதில்லை.

பின் பைண்டிங் விஷயமும் இப்படித்தான். திரோலைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்தல் 1980-களில் அதை உருவாக்கியதால்தான் நம் கால்கள் இன்று இவ்வளவு லேசாக ஏறுகின்றன. ஏறும்போது பூட்டிய முன்பக்கத்தை விடுவிக்காமல் இறங்கினால் ஸ்கீ கழலாது; பனி ஓடத் தொடங்கினால் அதுவே காலை அடியில் இழுக்கும். போலின் வாரிலிருந்து கையை எடுத்துவிடச் சொல்வதும் இதற்காகத்தான். பழைய சங்கதிதான். சொல்லாமல் விடுவதால் மறுபடி சொல்கிறேன்.

இயன் மெக்கமன் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளைப் பிரித்துப் பார்த்தார். பழகிய இடத்தில், நல்ல பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியே இல்லாதவர்களுக்கு இணையான ஆபத்தில் போய் மாட்டியிருந்தார்கள். நம் ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் குழு அழைத்துப்போகும் நண்பர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். ஒரு வார விடுப்பு, விமான டிக்கெட், மூன்று நாள் மோசமான வானிலை, நாலாம் நாள் வெயில். அந்த நாலாம் நாளில் 'வேண்டாம்' என்ற சொல் யார் வாயிலும் வராது. காஷ்மீர் கைடுக்கு மலை தெரியும். கூலி கொடுப்பவரை மறுத்துப் பேசுவதுதான் சிரமம். ஆகவே ஊரிலேயே, முன்பணம் வாங்கும்போதே, கைடு வேண்டாமென்றால் போவதில்லை, பணமும் பிடிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வாடகைக் கடைகளிடமும் கைடுகளிடமும் நாம் கேட்பது அதிகமில்லை. ப்ரோபும் ஷவலும் சேராமல் பீக்கன் தரக் கூடாது. ஒரு மணி நேரம் பையைப் புதைத்துத் தேடிப் பழகாதவருக்குக் கயிற்றைத் தாண்ட வழி காட்டக் கூடாது. மேல் நிலையத்தில் குழுவை ஒவ்வொருவராக நடக்கவிட்டு, எல்லா பீக்கனும் அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பேசியை அணைத்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், தேடும்போது 50.

இந்தப் பருவம் முதல் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், நூலிழையில் தப்பிய நிகழ்வுகளுக்காக. பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். தேதி, உயரம், சரிவு பார்த்த திசை, கோணம், எந்த அடுக்கில் பிரிந்தது, எத்தனை பேர் ஒரே சமயத்தில் சரிவில் நின்றார்கள் என்ற விவரம் போதும். காஷ்மீர் நண்பர்கள் உருதுவிலோ இந்தியிலோ சொன்னால் தமிழில் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அனுப்புங்கள்.