புத்தர் டாட்டூ இருந்தால் நாடு கடத்துவார்களா? இலங்கை டூர் போறவங்க கவனிக்க!

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். வெயில், சாப்பாடு, கோயில்னு நிறைய விஷயம் நம்ம ஊர் மாதிரியே இருக்கும். ஆனால், நம்ம ஊரில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு செல்ஃபி, அங்கே போலீஸ் கேஸ் ஆகலாம்.

இதுவரை என்ன நடந்திருக்கு?

2012-ல் பிரான்ஸ் சுற்றுலாப் பயணிகள் மூவர், புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல போட்டோ எடுத்தனர். பிரின்ட் போடக் கொடுத்த கடையிலிருந்து விஷயம் போலீஸுக்குப் போனது. காலி நகர நீதிமன்றம் 6 மாத சிறைத் தண்டனை விதித்து, அதை 5 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது.

2014 ஏப்ரலில், கையில் புத்தர் டாட்டூ போட்டிருந்த பிரிட்டிஷ் நர்ஸ் ஒருவர் விமான நிலையத்தில் கைதாகி, நாடு கடத்தப்பட்டார். பக்தியால் போட்ட டாட்டூ என்று அவர் சொன்னதும் எடுபடவில்லை.

ஏன் இவ்வளவு கறார்?

இலங்கை அரசியலமைப்பின் 9-வது பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. மத உணர்வைப் புண்படுத்துவது தண்டனைச் சட்டப்படி குற்றம். நமக்கு புத்தர் பல நேரம் கஃபே சுவரில் இருக்கும் அலங்காரம். அங்கே அவர் தினமும் பூ வைத்துக் கும்பிடப்படுபவர்.

எப்படி நடந்துக்கணும்?

* சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி வேண்டாம். சிலையை மட்டும், அனுமதி உள்ள இடத்தில் எடுக்கலாம்.
* விகாரைகளில் தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். செருப்போடு தொப்பியையும் கழட்டணும்.
* புத்தர் படம் போட்ட டி-ஷர்ட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். டாட்டூ இருந்தால் முழுக்கை சட்டை நல்லது.
* பெண்கள் பிக்குகளைத் தொடுவதோ, கை குலுக்குவதோ வழக்கமில்லை.
* பஸ்ஸில் முன் சீட் மதகுருமார்களுக்கு. அவர்கள் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கணும்.
* பௌர்ணமி அன்று 'போயா' விடுமுறை. மது விற்பனை கிடையாது. டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்.

டாட்டூ கேஸ் என்ன ஆச்சு?

அந்த நர்ஸ் வழக்குப் போட்டார். கைதுக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் சொல்லி, இழப்பீடும் வழங்கியது. அதாவது, டாட்டூ இருப்பதாலேயே ஒருவரைக் கைது செய்ய முடியாது. ஆனால், அந்தத் தீர்ப்பு வர மூன்றரை வருஷம் ஆனது. நாலு நாள் லீவில் போறவங்களுக்கு, ஒரு முழுக்கை சட்டை அதைவிட சுலபம்.