டிக்கெட்டுக்கு முன்னாடி மாத்திரைக் கணக்கு

ரிட்டயர் ஆன அப்பா அம்மாவை அமெரிக்காவுக்குக் கூப்பிடும் பிள்ளைகளுக்கான த்ரெட் இது. கொஞ்சம் கசக்கும். கடைசி வரை படிங்க.

1/ போன மாசம் ஓர் அம்மா வந்தாங்க. வயசு 68. மகள் வீட்டில் ஆறு மாசம் இருந்து பேரனைப் பார்த்துக்கிட்டுத் திரும்பினவங்க. பிபி 190.

"மாத்திரை போட்டீங்களாம்மா?"

"மூணு மாசத்துக்குத்தான் சார் கொண்டு போனேன். அதையே ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு ஓட்டிட்டேன். அங்க டாக்டரைப் பார்த்தா நிறைய டாலர் ஆகுமாமே. பாப்பாவுக்கு எதுக்கு வீண் செலவு?"

மகளுக்கு இது தெரியவே தெரியாது.

2/ கணக்கைப் பாருங்க. விசிட்டராகப் போனால் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஆறு மாசம் தங்கலாம். கையில் கொண்டு போகும் மருந்துக்கு அங்குள்ள வழிகாட்டுதல் பொதுவாக 90 நாள். மீதி 90 நாளுக்கு? நம்மூர் டாக்டர் சீட்டு அங்கே செல்லாது.

3/ "இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோமே டாக்டர்?" பெரும்பாலான விசிட்டர் பாலிசிகள், ஏற்கெனவே இருக்கும் சுகர், பிபிக்கான வழக்கமான சிகிச்சைக்குப் பணம் தராது. கனடாவின் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு அப்படி இல்லை. அதனால்தான் கடைசி நேரத்தில் இருப்பதிலேயே மலிவானதைத் தேடுறோம்.

4/ என்ன செய்யலாம்?

• கிளம்பும் முன் இங்கே ஒரு முழு செக்கப்.
• பிராண்ட் பெயர் போதாது. ஜெனரிக் பெயரோடு சீட்டு வாங்குங்க.
• இன்சுலின் கைப்பையில்தான். செக்-இன் பெட்டியில் போட்டால் உறைந்து வீணாகலாம்.
• விமானத்தில் அப்பப்போ எழுந்து நடக்கணும். இல்லைன்னா கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.
• போன முதல் மாசமே அங்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்க. சீட்டு கிடைச்சா, பல ஜெனரிக் மாத்திரைகள் இன்ஷூரன்ஸ் இல்லாமலே குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

5/ போகவே வேண்டாம்னு நான் சொல்லலை. பேரன் சிரிப்புக்கு ஈடான மருந்து என்னிடம் இல்லை. ஆனா உங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு வலியை மறைக்கிற தலைமுறை அது. "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னா நம்பிடாதீங்க.

இன்னிக்கு ராத்திரி அவங்க மாத்திரை டப்பாவை நீங்களே திறந்து எண்ணிப் பாருங்க.